வாப்பாவுக்கும் ஒரு கேக்

தூரத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குக் கேக் அனுப்புவது இப்போது பெரிய வேலையே இல்லை. டோஹாவிலோ ரியாத்திலோ இருக்கும் ஒரு வாப்பா, வேலை முடிந்து வந்து கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்து காசு கட்டினால் போதும். மறுநாள் மாலை மகளின் பெயர் எழுதிய கேக் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நாம் வெட்டுகிறோம், அவர் திரையில் பார்க்கிறார். "வாப்பாவுக்கு ஊட்டுங்க" என்று யாரோ சொல்ல, சின்னத் தம்பி கேக் துண்டைத் தொலைபேசியிலேயே அப்பிவிடுவான். எல்லோரும் சிரிப்போம்.

இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் கேட்பது வேறு. அந்த வாப்பாவின் பிறந்தநாள் எப்போது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்கு யார் கேக் அனுப்புகிறார்கள்?

நம் வீடுகளில் பொதிகள் ஒரு திசையில்தான் பயணம் செய்கின்றன. அங்கிருந்து பால்மா வரும், சவர்க்காரம் வரும், சொக்லேட், பேரீச்சம்பழம், தடித்த போர்வை எல்லாம் வரும். இங்கிருந்து போவது பெரும்பாலும் பட்டியல்தான்: டியூஷன் காசு, சப்பாத்து, கூரைத் தகடு. 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக இந்த நாட்டைவிட்டுப் போனார்கள். எங்கள் வகுப்பில் வாப்பாவோ நானாவோ வெளிநாட்டில் இல்லாத பிள்ளைகளை எண்ணுவதுதான் இலகு. ஆகவே பெருநாளுக்கு ஒரு தடவையாவது நம் கையால் செய்த கேக் ஒன்று இங்கிருந்து தபாலில் போக வேண்டும் என்பது என் கருத்து.

"அங்கே இல்லாத கேக்கா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. நம் கடைகளில் உள்ளதைவிட அழகாகவே இருக்கிறது. "கேக்கின் விலையைவிட முத்திரைச் செலவு கூட" என்பார்கள். அதுவும் உண்மைதான். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாங்கள் அனுப்பப்போகிறோம் என்றதும் என் வாப்பாவும், "இதெல்லாம் எதுக்கு மகள், காசு வீண்தானே" என்றார். அவர் வேறெப்படிச் சொல்வார்? தனக்கு என்று வரும் எதையும் வேண்டாம் என்று சொல்லியே பழகிய மனிதர். ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அன்பளிப்பை அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது பெண்களைப் பார்த்துத்தான். கேக்குக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எந்தக் கேக் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். வட்டிலப்பத்தை மறந்துவிடுங்கள்; தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்தது, விமானம் ஏறுமுன்பே புளித்துவிடும். ஐசிங் போட்டது வளைகுடா வெயிலில் உருகிவிடும். பட்டர் கேக் சில நாட்களில் பூசணம் பிடிக்கும். ரிச் கேக் நன்றாகத் தாங்கும். ஆனால் கடையில் வாங்கினால் பிராந்தி சேர்த்திருக்கலாம். அது நமக்கும் ஆகாது, அந்த நாட்டுச் சுங்கத்துக்கும் ஆகாது. மிஞ்சுவது லவ் கேக். ரவை, கஜு, மஞ்சட்கரு, பட்டர், பூசணி தோசி, தேன், பன்னீர். சீனி அதிகம் என்று நாம் குறைசொல்லும் கேக் இதுதான். அந்தச் சீனிதான் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அதைப் பழுதாகாமல் காக்கிறது. ஓரிரு நாள் வைத்தால் ருசி கூடும். எங்கள் உம்மும்மா கஜுவை அரைக்க விடமாட்டார், கத்தியால்தான் கொத்த வேண்டும். கேக் நன்றாக ஆறிய பிறகு துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் ஒயில் பேப்பரில் சுற்றி, ஆடாமல் டின்னில் அடுக்கினோம். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து எல்லாம் கெட்டுவிடும். தொதலும் அனுப்பலாம், எண்ணெய் பிரியும்வரை கிண்டக் கையில் பலம் இருந்தால்.

தபாலகத்துக்குப் போகுமுன் பெட்டியை முழுதாக ஒட்டிவிடாதீர்கள். உள்ளே என்ன என்று எங்களைத் திறந்து காட்டச் சொன்னார்கள். சுங்கப் படிவத்தில் பொருள், நிறை, பெறுமதி மூன்றையும் எழுத வேண்டும். அங்கே பெரும்பாலும் கம்பனியின் தபால் பெட்டி இலக்கம்தான் முகவரி என்பதால், தொலைபேசி எண்ணையும் தெளிவாக எழுதுங்கள்.

எங்களுடையது போய்ச்சேர 11 நாட்கள் எடுத்தது. ஓர் அறையில் எட்டுப் பேர், அதில் இருவர் நேபாளத்தவர். டின் ஒரே இரவில் காலி. வாப்பா நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. "பன்னீர் கொஞ்சம் கூட, உம்மாட கை இல்ல, ஒங்கட கைதானே?" என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து கையை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். டின்னில் இப்போது ஊசி, நூல், பொத்தான்.

ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் இந்த யோசனை சரிவராது. வீட்டுப் பணிப்பெண்களாகப் போன உம்மாமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுப்பும் பொதி எஜமானின் முகவரிக்கே போகும். யார் திறப்பார்கள், யார் சாப்பிடுவார்கள் என்று நமக்குத் தெரியாது. அப்படியான உம்மாவுடைய பிள்ளைகள் நம் கல்லூரியிலும் இருக்கிறார்கள். முதலில் உம்மாவிடமே கேளுங்கள். அந்த ஊருக்குப் போகும் தெரிந்த பெண் ஒருவரின் கைப்பையில், அவர் சம்மதத்தோடு, நாலே நாலு துண்டு கொடுத்தனுப்பினால் நேரே அவர் கைக்குச் சேர வழி உண்டு. ஆள் போகும் திகதியை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், கேக்கை அதற்கு இரண்டு நாள் முன்பு சுட்டால் போதும்.