மாஸ்கோ முதல் சேஷாசலம் வரை: மாறிவரும் ராஜதந்திரமும் மாற வேண்டிய பாடமும்

திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர், 1949-ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்திற்கான இந்தியத் தூதராக மாஸ்கோ சென்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனே அவர். தத்துவப் பேராசிரியரான அவர், வெளியுறவுப் பணியில் பயிற்சி பெற்றவர் அல்லர். இந்தியாவின் அணிசேராப் போக்கை மாஸ்கோ ஐயத்துடன் நோக்கிய காலம் அது. ஆயினும், 1950 ஜனவரியில் ஸ்டாலினை அவர் நேரில் சந்தித்தார். அவருக்கு முன் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்டுக்குக் கிட்டாத வாய்ப்பு அது.

இரு தலைநகரங்கள், ஒரு தூதர், மூடிய அறையில் ஓர் உரையாடல் என்பதே அன்றைய ராஜதந்திரத்தின் வடிவம். இன்று அந்த வடிவம் எவ்வளவு மாறியுள்ளது என்பதை, ராதாகிருஷ்ணன் படித்த அதே வட்டாரம் காட்டுகிறது.

தமிழக எல்லையை ஒட்டி 2008-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரம், சித்தூர் மாவட்டம் 2022-இல் பிரிக்கப்பட்ட பின் திருப்பதி மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஜப்பானின் இசுசூ, டைகின் நிறுவனங்கள் அங்கு உற்பத்தி செய்கின்றன. பிரான்சின் அல்ஸ்தோம் ஆலையில் உருவான ரயில் பெட்டிகள் சிட்னி, மான்ட்ரியல் நகரங்களில் ஓடுகின்றன. அந்நிய முதலீட்டை ஈர்க்க மாநில அரசுகளே வெளிநாட்டு அரசுகளுடனும் நிறுவனங்களுடனும் நேரடியாகப் பேசுகின்றன. இந்த மாற்றத்தை உணர்ந்தே, மத்திய வெளியுறவு அமைச்சகம் 2014-இல் மாநிலங்களுக்கெனத் தனிப் பிரிவை ஏற்படுத்தியது.

ஆனால், உலகச் சந்தை இவ்வட்டாரத்திற்கு முதலீட்டை மட்டும் கொண்டுவரவில்லை. சேஷாசலம் மலைக்காடுகளில் வளரும் செம்மரத்திற்குச் சீனா, ஜப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளில் பெரும் தேவை உள்ளது. 1995 முதல் சைட்ஸ் என்னும் பன்னாட்டு வன உயிரின வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் அம்மரம் இருந்தும், கடத்தல் ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று, இக்காட்டில் ஆந்திர சிறப்புப் படையினர் சுட்டதில், திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட தமிழக மாவட்டங்களைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தனர். தற்காப்புக்காகவே சுட்டதாகக் காவல்துறை கூறியது; மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை.

பொருளை வாங்குவோர் கடல் கடந்து இருக்க, உயிரைக் கொடுத்தவர்கள் கூலிக்கு மரம் வெட்டச் சென்றவர்கள். காட்டில் துப்பாக்கி ஏந்துவதால் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே அறுபடும். வாங்கும் நாடுகளின் சுங்கத் துறை, இந்தியத் தூதரகங்கள், வனத்துறை ஆகியவை தகவல்களைப் பகிர்ந்து ஒன்றிணைந்து செயல்பட்டால்தான் மறுமுனையை எட்ட முடியும். அந்த ஒருங்கிணைப்பே இன்றைய ராஜதந்திரம்.

ராஜதந்திரக் கல்வி இந்த மாற்றத்துடன் நடைபோடுகிறதா என்பதே கேள்வி. டெல்லியில் 1955-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி, 1970-இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அதன் பின்னரும் இத்துறை பெரிதும் தலைநகரையே மையமாகக் கொண்டுள்ளது. பனிப்போர், ஒப்பந்தங்கள், உச்சிமாநாடுகள் ஆகியவற்றை மாணவர்கள் கற்பது அவசியமே. சுங்கச் சாவடியும் தொழிற்பேட்டையும் வனச் சோதனைச் சாவடியும் அதே பாடத்தின் பகுதிகள் என்பதும் உணர்த்தப்பட வேண்டும்.

இதற்கு வாய்ப்பான இடம் திருப்பதி. 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில், தென்கிழக்காசிய, பசிபிக் ஆய்வுகளுக்கென்றே ஒரு மையம் உள்ளது. செம்மரக் காடும் ஸ்ரீசிட்டியும் அமைந்திருப்பது அதே வட்டாரத்தில்தான். ராதாகிருஷ்ணனிடம் இருந்த வரலாற்று அறிவும் எதிர்த்தரப்பைப் புரிந்துகொள்ளும் பொறுமையும் இன்றும் தேவை. அவற்றுடன் களத்தையும் அறிந்த மாணவர்கள் உருவானால், கடல் கடந்து எடுக்கப்படும் முடிவுகளின் விலையை உள்ளூர் ஏழைகள் செலுத்தும் நிலை ஓரளவேனும் குறையும்.