மண்வள அட்டை சொல்லாத நஞ்சு

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் விவசாயிக்குப் பன்னிரண்டு விவரங்களைத் தருகிறது. கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். யூரியா எவ்வளவு இடலாம், ஜிங்க் சல்பேட் வேண்டுமா என்று முடிவெடுக்க இவை போதும். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் ஆலைகளை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு இவை போதாது. தன் மண்ணில் குரோமியமோ ஈயமோ காட்மியமோ கலந்திருக்கிறதா என்பதை அவர் அந்த அட்டையிலிருந்து அறியவே முடியாது.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது குவித்துவிட்டுப் போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். அதில் இருப்பது ஹெக்சாவலன்ட் குரோமியம். நீரில் கரையும், கிணற்றுக்குப் போகும், புற்றுநோய் உண்டாக்கும். தோல் பதனிடப் பயன்படும் டிரைவலன்ட் வகை அந்த அளவுக்குக் கொடியதல்ல, பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால், மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதில் ஒரு பகுதியைக் கொடிய வகையாக மாற்றக்கூடும். எனவே, மொத்தக் குரோமியம் இவ்வளவு என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லும் ஆய்வு ஏமாற்றிவிடும். உரப் பரிந்துரைக்காக மேல் மண்ணில் ஓரடிக்கும் குறைவாகத் தோண்டி எடுக்கும் மாதிரியும் உதவாது. கரைந்த நஞ்சு அதற்கும் கீழே இறங்கியிருக்கும். மண்ணையும் அருகிலுள்ள கிணற்று நீரையும் சேர்த்து, பல ஆழங்களில், அதே இடத்தில், ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

அளந்து வைத்த எண்ணுக்கு நீதிமன்றத்தில் வலிமை உண்டு. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட லாயக்கற்றுப்போனது என்ற கள ஆய்வை, 1996-ஆம் ஆண்டின் வேலூர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. ஆயினும், ராணிப்பேட்டையும் ஆம்பூரும் இருக்கும் அதே பாலாற்றுப் படுகைக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

மாசடைந்த நிலங்களுக்கான மத்திய அரசின் விதிகள் 2025 ஜூலையில் வந்தன. அப்போது நாட்டில் அடையாளம் காணப்பட்டிருந்தவை 103 இடங்கள். சீரமைப்புப் பணி தொடங்கியிருந்தவை வெறும் 7. சந்தேகத்துக்குரிய இடத்தை உள்ளூர் நிர்வாகம் பட்டியலிட்ட பிறகு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும் என்கின்றன இவ்விதிகள். நிறமும் வாடையும் காட்டாத நஞ்சை யார் சந்தேகிப்பது?

மண் ஆய்வின் முடிவு வெளியானால் நிலமும் விளைச்சலும் விலைபோகாது என்ற விவசாயியின் அச்சம் நியாயமானது. அந்த இழப்பை அவர் தலையில் கட்டக் கூடாது. வேளாண் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து, பாலாறு, நொய்யல் போன்ற ஆலைக் கழிவு கலந்த ஆற்றுப் படுகைகளிலாவது மண்வள அட்டையில் கன உலோகங்களைச் சேர்க்க வேண்டும். முடிவைக் கிராம சபையில் படிக்கும் அன்றே இழப்பீட்டுக்கும் மாற்றுக் குடிநீருக்கும் வழி சொல்ல வேண்டும்.