பெட்டி கட்டும் முன்னே காற்றுக்கு வழி கட்டு!

(மூன்றாமாண்டு கட்டடப் பொறியியல் மாணவன்)

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள். கட்டட வேலையில் அதே காரியத்துக்கு ஒரு நாகரிகமான பெயர் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்!

கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்டீரியர் படிக்கும் நண்பர்களே! ஃபால்ஸ் சீலிங் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்று கேட்கிற ஆள் சைட்டில் யார்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சமவெளியில் 'பேஸ்மட்டம்' என்றால் தரைக்கும் வீட்டுத் தளத்துக்கும் நடுவே எழுப்புகிற கட்டுமானம். கொடைக்கானலில் கதையே வேறு. அங்கே சரிவில் வீடு கட்டுகிறார்கள். ரோட்டுப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு மாடி. பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்த்தால் இரண்டு, மூன்று! ரோட்டு மட்டத்துக்குக் கீழே வரும் அறைக்கு மூன்று பக்கமும் மண், ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். விறகும் உருளைக்கிழங்கு மூட்டையும் பழைய சாமானும் கிடந்த இடம் அது. இப்போது அதற்கு டைல்ஸ் போட்டு, கட்டில் போட்டு, சீசனுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

இங்கேதான் பிரச்சினை ஆரம்பம். மேல்தளத்துக் குளியலறைக் கழிவுக் குழாய், எக்ஸாஸ்ட் டக்ட், கரண்ட் பைப், பீம் எல்லாம் இந்த அறையின் தலைக்கு மேலேதான் ஓடுகின்றன. வருகிற விருந்தாளி கண்ணுக்கு அது தெரியக் கூடாது. "பெட்டி அடிச்சு மூடிரு" என்பார் முதலாளி. பீமின் அடிப்பக்கத்தைப் புத்தகத்தில் சாஃபிட் என்று படித்திருக்கிறோம் அல்லவா? அதே மாதிரி பொய்யாக ஒரு சாஃபிட், ஃப்ரேமும் போர்டும் வைத்து.

போன கோடை விடுமுறையில் அப்படி ஒரு விடுதி வேலையில் நின்றேன். ஊர் கொடைக்கானல், பெயர் வேண்டாம். அங்கே குளியலறை எக்ஸாஸ்ட் டக்ட் நேராக வெளியே போக ஒரு பீம் குறுக்கே நின்றது. சுற்றி வளைத்துக் கொண்டு போனால் கூடுதல் செலவு. கான்ட்ராக்டர் சொன்னார்:

"தம்பி, டக்ட்டை அப்படியே சீலிங்குக்குள்ள விட்டுரு. யாரு பாக்கப் போறா?"

"அண்ணே, அந்த ஈரக்காத்து எங்க போகும்?"

"அது பாட்டுக்குப் போகும்ப்பா!"

நான் எதிர்த்துப் பேசவில்லை. மேஸ்திரியிடம் ஓர் ஊதுபத்தி வாங்கி, ஃபேனைப் போட்டு, கிரில் பக்கத்தில் பிடித்தேன். புகையை நன்றாகவே இழுத்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் படுக்கையறையில் லைட்டுக்கு விட்டிருந்த ஓட்டை வழியாக ஊதுபத்தி வாசம் வந்தது! கான்ட்ராக்டர் அண்ணாந்து பார்த்தார். "சரிப்பா... பீமைச் சுத்தி எடு" என்றார். இரண்டு நாள் வேலை கூடியது, அவ்வளவுதான்.

அன்று வந்தது ஊதுபத்தி வாசம். அதே பாதையில் காஸ் கீசர் புகை வந்தால்? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில், சமைத்த கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இளைஞர்களில் இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. மூடிய அறையில் புகைக்கு வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஊரோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான். ஏற்கெனவே மெல்லிய காற்று. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிடுவார்கள்.

அதனால் என் கட்சி இதுதான்: முதலில் வழி மாற்று, பிறகு சோதனை போடு, கடைசியில் பெட்டி கட்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்க யார் சொன்னாலும் டிப்ளமோக்காரன் சம்மதிக்கக் கூடாது.

வழி மாற்றுவது என்றால் வெறும் வளைப்பது இல்லை. அதில் கணக்கு இருக்கிறது. 150 மில்லிமீட்டர் வட்ட டக்ட் பீமுக்கு அடியில் இடிக்கிறது என்று வையுங்கள். 300-க்கு 60 சைஸில் தட்டை டக்ட் போடலாம். பரப்பு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 177, 180 சதுர சென்டிமீட்டர். ஆனால் சுற்றளவு 47 சென்டிமீட்டரிலிருந்து 72 ஆகிவிடும். அவ்வளவு கூடுதல் உராய்வு! அதோடு 90 டிகிரி பெண்டுகளையும் சேர்த்தால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. முடிந்த மட்டும் வட்டமாகவே சுவரோரம் கொண்டு போ. வளைக்க வேண்டிய இடத்தில் இரண்டு 45 டிகிரி பெண்டு போடு. முடிவு கட்டாயம் வெளிச்சுவரில். காஸ் கீசரை மட்டும் குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

கழிவுக் குழாய்க்கு வாட்டம் முக்கியம். 110 மில்லிமீட்டர் குழாயை 4 மீட்டர் தள்ளி வைத்தால், 40-க்கு 1 வாட்டத்தில் 100 மில்லிமீட்டர் இறங்கும். குழாய், கிளாம்பு, ஃப்ரேம், போர்டு எல்லாம் சேர்த்தால் பெட்டி 300 மில்லிமீட்டர் ஆகிவிடும். குடியிருக்கும் அறைக்கு நேஷனல் பில்டிங் கோடு கேட்கும் உயரம் 2.75 மீட்டர், பேஸ்மென்ட் எந்த இடத்திலும் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. 2.75 மீட்டரில் 0.3 போனால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்! ஆகவே பெட்டி அறை நடுவில் வரக் கூடாது. சுவரோரம், அலமாரிக்கு மேலே ஒதுங்கட்டும். மூடுவதற்கு முன் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பார். அடைப்பு எடுக்கும் இடத்தில் கதவு வை. கொடைக்கானல் ஈரத்துக்கு ஜிப்சம் போர்டு பூஞ்சைக்கு விருந்து. சிமெண்ட் போர்டு நல்லது.

இன்னொன்று. மண் பக்கத்துச் சுவரில் தண்ணீர் வடிய விட்ட வீப் ஹோல்களை 'அசிங்கம்' என்று பூசி விடுகிறார்கள். வருஷத்துக்கு ஒன்றரை மீட்டர் மழை பெய்கிற மலை அது. வழி இல்லாத தண்ணீர் சுவரைத் தள்ளும். காற்றுக்கு உள்ள நியாயம் தண்ணீருக்கும் உண்டு.

"இதெல்லாம் முதலாளி பணம், உனக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. முதலாளிக்கும்தான் சொல்கிறேன்! சாமான் அறையைப் படுக்கையறை ஆக்குவதற்கு முதலில் அனுமதி வேண்டும். மூன்று பக்கமும் மண் மூடி, காற்றுக்கு வழியே எடுக்க முடியாத அறை சாமான் அறையாகவே இருக்கட்டும். கொடைக்கானலுக்கு 1993-லேயே மாஸ்டர் பிளான் வந்துவிட்டது. 2019-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் விதிமீறிய பல கட்டடங்களுக்கு அங்கே சீல் விழுந்தது. மூடி மறைத்த எதுவும் கடைசி வரை மறைந்திருக்காது.

நிலத்துக்குக் கீழே கட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அதே கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் நிலத்துக்கு அடியில் 60 மீட்டர் நீளத்தில் ஒரு சுரங்கம் இருக்கிறது. 11 மீட்டர் கோபுரத்து உச்சியில் இருக்கும் கண்ணாடி சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்ப, இன்னொரு கண்ணாடி அதைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகிறது. ஒளிக்கு வழி எது என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்பச் சுவர் எழுப்பினார்கள். சூரியனைப் பார்க்கும் கருவிக்குக் காட்டிய அக்கறையை, தூங்குகிற மனிதனுக்குக் காட்டக் கூடாதா?

நண்பர்களே! பி.இ. படித்தவர் ஆபீசில் வரைவார். முதலாளி சீசனுக்கு வருவார். போர்டு அடிக்கும் நேரத்தில் ஏணிக்குப் பக்கத்தில் நிற்பது நாம்தான். "ஒரு நிமிஷம் அண்ணே, டக்ட் வெளியே போயிருச்சா?" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். சர்டிபிகேட் வாங்கின அன்றைக்கே அந்தக் கேள்வியையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்குரூ முறுக்கிய பிறகு கேட்டால் யாரும் கழற்ற மாட்டார்கள்!