வரி நீங்கியும் நகராத லாரிகள்

ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதியின் செயலாளர் நாயகம் அவர்களுக்கு,
அக்ரா, கானா.



2018 மார்ச்சில் கிகாலியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்கீழ் 2021 சனவரி 1 அன்று வணிகம் தொடங்கியது முதல், வரிக் குறைப்பு அட்டவணைகளும், ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது எனத் தீர்மானிக்கும் தோற்ற விதிகளுமே விவாதத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால், எல்லையில் லாரியை நிறுத்தும் அதிகாரம் சுங்கத் துறைக்கு மட்டும் உரியதன்று. குடிவரவு, தாவர நோய்த்தடுப்பு, கால்நடை நலம், தர நிர்ணயம், காவல் எனப் பல துறைகள் வெவ்வேறு அமைச்சகங்களுக்குக் கட்டுப்பட்டு, ஒன்று முடித்தபின் மற்றொன்று என அதே சரக்கைச் சோதிக்கின்றன.

இதற்கு மாற்று உண்டு என்பதை ஜாம்பேசி ஆற்றங்கரையில் உள்ள சிருண்டு காட்டியது. 2009 டிசம்பரில் ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் அங்கே ஒற்றை நிறுத்தச் சாவடியை, அதாவது வெளியேறும் நாட்டின் சோதனையும் நுழையும் நாட்டின் சோதனையும் ஒரே இடத்தில் முடியும் ஏற்பாட்டைத் தொடங்கின. வடக்கே செல்லும் வண்டி ஜாம்பியப் பக்கத்திலும், தெற்கே செல்வது ஜிம்பாப்வே பக்கத்திலும் மட்டுமே நிற்கும். நாட்கணக்கான காத்திருப்பு குறைந்ததற்குக் கட்டடத்தைவிடச் சட்டமே முதன்மைக் காரணம் எனலாம்: ஒரு நாட்டின் அலுவலர் அண்டை நாட்டு மண்ணில் நின்று தம் நாட்டுச் சட்டத்தைச் செயல்படுத்த இரு நாட்டுச் சட்டங்களும் இடமளித்தன. இறையாண்மையை உயிராகக் கருதும் அரசுகள் இதற்கு இசைந்தது சிறிய செய்தியன்று. எனினும், கூரை ஒன்றானதால் கோப்புகள் ஒன்றாகிவிடுவதில்லை, சுங்கம் விடுவித்த சரக்கை வேளாண் துறையின் சான்றிதழ் நிறுத்திவைக்க முடியும்.

2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வணிக வசதி ஒப்பந்தம், தன் எட்டாம் பிரிவில் எல்லைத் துறைகள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. வேலை நேரத்தையும் நடைமுறைகளையும் அண்டை நாடுகள் ஒத்திசைப்பதையோ ‘இயன்ற அளவுக்கு’ என்று தளர்த்திவிடுகிறது. அந்தத் தளர்வு ஆப்பிரிக்கக் கண்ட வணிக ஒப்பந்தத்தின் நடைமுறையிலும் தொடரக் கூடாது. ஒவ்வொரு சாவடியிலும் பிற துறைகளைக் கூட்டி முடிவெடுக்கும் பொறுப்பை எந்தத் துறை ஏற்கும் என்பதை உறுப்பு நாடுகள் அறிவிக்கவும், சரக்கு வந்து சேர்ந்ததிலிருந்து விடுவிக்கப்படும்வரை ஆகும் நேரத்தைத் துறைவாரியாக அளந்து வெளியிடவும் செயலகம் வலியுறுத்த வேண்டும். எல்லை தாண்டிய சிறு வணிகத்தில் பெரும்பான்மையினரான பெண்களின் காத்திருப்பும் அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டும். லாரிகளை மட்டும் அளக்கும் ஆய்வு அவர்கள் சுமக்கும் தக்காளிக் கூடைகளைக் காணாது.