படம் பிடித்தது போதும்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் மலாக்காவின் தோட்டங்களிலும் தாமான்களிலும் ஒரே காட்சி. மண்டபத்தில் பேனர் ஏறுகிறது. அதில் போதகரின் முகம் பெரிதாக இருக்கும், இயேசுவின் பெயர் ஓரமாக இருக்கும். முதலில் பாட்டு, அடுத்து சாட்சி, அதற்கும் அடுத்து நீண்ட பிரசங்கம். பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்பு வலிக்க உட்கார்ந்திருக்கும் பாட்டிமாருக்கு அத்தனையும் முடிந்த பிறகுதான் ஐந்து கிலோ அரிசிப் பையும் எண்ணெய்ப் பாக்கெட்டும் கிடைக்கும். வாங்கியதும் வீட்டுக்குப் போகலாமா? முடியாது. “பையைக் கொஞ்சம் மேலே தூக்குங்கம்மா, இங்கே பாருங்க, சிரிங்க” என்பார் கைப்பேசியோடு நிற்கும் தம்பி. சிரிக்காதவர் மறுபடி நிற்க வேண்டும். இரவுக்குள் அந்த முகம் பேஸ்புக்கில் சுற்றத் தொடங்கிவிடும். போடலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது.

இதற்குக் கிறிஸ்துவின் அன்பு என்று பெயர் சூட்டுவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எல்லாச் சபைகளும் இப்படி நடப்பதில்லை. பேனர் இல்லாமல், பெயர் சொல்லாமல் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் வாராவாரம் போய்வரும் சகோதர சகோதரிகளை அறிவோம். அவர்கள் செய்யும் நன்மைக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறவர்களிடம்தான் பேசுகிறோம். தோட்ட மக்களில் பெரும்பாலோர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆராதனைக்கு வந்தால்தான் அரிசி என்பது அவர்களுடைய பசியை வைத்து நடத்தும் பேரம். “அரிசியைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள்” என்ற பேச்சு எழுந்தால் அதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது?

நல்ல சமாரியன் உவமையை நம்மில் பிரசங்கிக்காதவர் யார்? அடிபட்டுக் கிடந்தவனிடம் அவன் மதம் கேட்கவில்லை, நிபந்தனை போடவில்லை. காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணம் கொடுத்தான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான். நாம் வசதியாக மறந்துவிடுவது அந்தத் திரும்பி வருதலைத்தான். டிசம்பரில் பை கொடுத்த வீட்டின் கதவை மார்ச்சில் தட்டிய சபைகள் எத்தனை?

இந்த மண்ணிலேயே நமக்கு முன்மாதிரி உண்டு. தூத்துக்குடி, மணப்பாடு கரைகளில் தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து பரதவரிடையே ஊர் ஊராக நடந்த சவேரியார், 1545-இல் மலாக்காவுக்கு வந்தார். இங்கே அவர் தங்கியது ஏழை நோயாளிகளின் மருத்துவமனையில். அவர்கள் பக்கத்திலேயே இருந்து பணி செய்தார். 1552-இல் இறந்தவரின் உடல் மறு ஆண்டு இங்கே கொண்டுவரப்பட்டு, கோவாவுக்குப் போகும்வரை புனித பவுல் குன்றின் ஆலயத்தில் இருந்தது. இன்று சுற்றுலாப் பேருந்துகள் அந்தக் குன்றடியில் வந்து நிற்கின்றன. நாமும் ஏறிப்போய்ச் சிலையருகே படம் எடுத்துக்கொள்கிறோம். அவர் செய்த வேலையை மட்டும் விட்டுவிட்டோம்.

“படம் போடாவிட்டால் நன்கொடை வராது” என்கிறார்கள். சாக்குப்போக்கு! 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்புகள் ஆண்டுதோறும் சங்கப் பதிவிலாகாவிடம் கணக்கு ஒப்படைக்கின்றன. அங்கே யாரும் பாட்டியின் படத்தைக் கேட்பதில்லை. ரசீதும் தணிக்கையும் போதும்.

தேவைகள் என்ன, கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்ப்போம். சிறுநீரகம் பழுதானவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. அசஹான், தெபோங் பக்கத்திலிருந்து பேருந்தை நம்பிப் பட்டணம் வந்துபோவது எளிதா? பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சேர்வதிலிருந்தே சிக்கல். 12 வயதில் எடுக்க வேண்டிய மைகார்டு அடையாள அட்டையும் எட்டாது. தோட்டம் கைமாறி வேலை போனால், ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் ஈட்டுத்தொகை வரவேண்டும் என்று 1980-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஆபீசில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவருக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? நம் சபைகளில் வழக்கறிஞர், தாதியர், ஆசிரியர், கணக்காளர், கார் வைத்திருப்போர் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களைப் பாடகர் குழுவிலும் பந்தி பரிமாறவும் மட்டும் நிறுத்தி வைத்திருப்பது யார் குற்றம்?

ஆகவே மூப்பர்களும் பங்குப் பேரவையினரும் உடனே செய்ய வேண்டியவை இவை. உதவி பெறுகிறவரின் முகத்தை இனி எங்கும் வெளியிடக் கூடாது. போட்டதை நீக்க வேண்டும். உதவியையும் ஆராதனையையும் பிரிக்க வேண்டும். அரிசியை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஆராதனைக்கு விரும்பியவர் வரட்டும். ஒவ்வொரு சபையும் ஒரு தோட்டத்தையோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பையோ பொறுப்பேற்று ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறையாவது போய்வர வேண்டும். தேசியப் பதிவிலாகா, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், தொழிலாளர் இலாகா, மருத்துவமனை என்று கூட வந்து வரிசையில் நிற்க ஆள் ஒதுக்க வேண்டும்.

இதை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். கேட்காத செயற்குழுவை உறுப்பினர்கள் எழுந்து நின்று கேள்வி கேட்க வேண்டும். மாற மனமில்லையென்றால் அரிசி வினியோகத்தையே நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். ஏழையின் மானமாவது மிஞ்சும்.