வராத வண்டிக்கு வாடகையா?

கட்டட இடிபாடுகளை அகற்றுவதற்கான புதிய கட்டண முறையை நிறுத்திவைக்க முடியாது என்று சென்ற வார உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் அடித்துச் சொல்லிவிட்டார்கள். கட்டணமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இடிப்பவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே சொல்லின. ஆனால், இடிபாடுகளைப் போட அவர்கள் வைக்கும் இரும்புக் கன்டெய்னர் வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை, அதுவும் வண்டி வந்து தூக்கும்வரை என்பது எந்த ஊர் நியாயம்?

குளியலறையை இடித்துக் கட்டும் ஒரு நடுத்தரக் குடும்பம். உடைத்த டைல்ஸும் செங்கல்லும் சேர்ந்து இரண்டே நாளில் கன்டெய்னர் நிரம்பிவிடுகிறது. தகவலும் சொல்லியாகிவிட்டது. வண்டி வருவதில்லை. டிரைவர் லீவு, ஹைட்ராலிக் பழுது, வேறு மண்டலத்துக்குப் போயிருக்கிறது என்று நாளுக்கொரு காரணம். வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இரவோடு இரவாக யாரோ பழைய மெத்தையையும் இளநீர்க் கூடுகளையும் அதில் போட்டுவிட்டுப் போகிறார்கள். விடிந்தால் அது ‘கலப்புக் கழிவு’, அதற்குத் தனி அபராதம். நடுவில் ஒரு மழை பெய்தால் மண்ணும் செங்கல் பொடியும் நீரில் ஊறிக் கனக்கின்றன. எடைமேடையில் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு. தாமதம் அவர்களுடையது, தண்டம் வீட்டுக்காரருக்கு.

கன்டெய்னர் நிரம்பியதும் அகற்ற வேண்டியது உள்ளாட்சியின் கடமை என்றும் அதே 2016 விதிகள்தானே சொல்லின? நாளுக்கு 20 டன், அல்லது ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன் கழிவு உண்டாக்குவோரை அவை தனியாகப் பிரித்து வைத்திருந்தன. 2026 ஏப்ரல் முதல் என அறிவிக்கப்பட்ட புதிய விதிகளும் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்கள் மீதுதான் கூடுதல் பொறுப்பை ஏற்றுகின்றன. இங்கேயோ அடுக்குமாடி கட்டுபவருக்கும் அரை யூனிட் ரப்பிஷ் வைத்திருப்பவருக்கும் ஒரே குறைந்தபட்சக் கட்டணம்.

இவர்களுக்கு இது புதிதும் அல்ல. வார்டுக்கு ஓர் இடத்தில் இடிபாடுகளைக் கொட்டலாம் என்றார்கள். பெயர்ப்பலகை நட்டதோடு சரி, அந்த இடங்கள் குப்பைமேடானதும் பூட்டிவிட்டார்கள். தெருமுனைத் தொட்டிகளை எடுத்தார்கள்; வீடு தேடி வரும் என்ற வண்டி பாதி நாள் எட்டிப் பார்ப்பதில்லை. வடிகாலுக்குத் தோண்டிய மண்ணை இவர்களுடைய ஒப்பந்ததாரர் மாதக்கணக்கில் சாலையிலேயே விட்டுவைத்தபோது அவரிடம் யார் வாடகை கேட்டார்கள்?

இந்தக் கட்டணத்துக்குப் பயந்து ஜனங்கள் குட்டியானைக்காரரைக் கூப்பிடுகிறார்கள். பாதிக் காசுக்கு ஒரு லோடு ஏற்றி, இருட்டியதும் ஏரிக்கரையில் கவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறார். வரத்துக்கால்வாய் அடைபட்டு ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், இந்தக் கட்டணத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள்தான் பொறுப்பு.

தீர்மானத்தை உடனே திரும்பப் பெற வேண்டும். மக்களைக் கூப்பிட்டுப் பேசி நியாயமான வேறொரு முறையை வகுக்க வேண்டும். வராத வண்டிக்காக இதுவரை வாங்கிய வாடகைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.