ஹைட்ரஜன் கம்ப்ரஸருக்கு ஏன் 135 டிகிரி லிமிட்? நம்ம ஊர் வெயிலில் என்ன சிக்கல்?

சென்னை ஐ.சி.எஃப்-ல் உருவான ஹைட்ரஜன் ரயில் பற்றி நிறைய பேசியாச்சு. அதே அளவுக்குப் பேச வேண்டிய, ஆனால் யாரும் கண்டுகொள்ளாத ஒரு மெஷின் இருக்கிறது. அதுதான் கம்ப்ரஸர். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்பது மத்திய அரசின் இலக்கு. 2023-ல் இதற்கு ரூ.19,744 கோடி ஒதுக்கப்பட்டது. தயாரித்த ஹைட்ரஜனை அழுத்தி அடைக்காமல் டேங்கில் நிரப்பவே முடியாது. பேருந்துகளுக்கு 350 பார், கார்களுக்கு 700 பார் அழுத்தம் தேவை.

அழுத்தினால் ஏன் சூடாகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா? அடிப்பகுதி சுடும். பிஸ்டன் கம்ப்ரஸரிலும் அதே கதைதான். 40 டிகிரியில் உள்ளே போகும் ஹைட்ரஜனை ஒரே மூச்சில் 3 மடங்கு அழுத்தினால், கணக்குப்படி வெளியே வரும்போது சுமார் 158 டிகிரி. மீத்தேனுக்கு இதே கணக்கு 130 டிகிரிதான்.

ஏபிஐ 618 என்ற சர்வதேசத் தர விதி, பொதுவான வாயுக்களுக்கு 150 டிகிரி வரையும், ஹைட்ரஜன் போன்ற லேசான வாயுக்களுக்கு 135 டிகிரி வரையும் அனுமதிக்கிறது.

தாண்டினால் வெடிச்சிடுமா?

பலருக்கும் வரும் பயம் இது. ஆனால், காற்றில் ஹைட்ரஜன் தானாகப் பற்றிக்கொள்ள 500 டிகிரிக்கு மேல் வேண்டும். கம்ப்ரஸருக்குள் ஆக்சிஜனும் இருப்பதில்லை. உண்மையான பிரச்னை தேய்மானம். எண்ணெய் இல்லாமல் ஓடும் மெஷின்களில் பிஸ்டன் வளையங்கள் டெஃப்லான் வகைப் பொருளால் ஆனவை. சூடு ஏற ஏற இவை சீக்கிரம் தேயும். வால்வுகளும் பாதிக்கப்படும். வால்வு கசிந்தால், ஏற்கெனவே சூடான வாயு உள்ளேயே திரும்பி வந்து மறுபடி அழுத்தப்படும். சூடு இன்னும் ஏறும். ஹைட்ரஜன் மூலக்கூறு ரொம்பச் சின்னது என்பதால், கசிவதற்குச் சின்ன இடைவெளியே போதும். அதனால்தான், வெளிவரும் வெப்பநிலை திடீரென ஏறினால் ஆபரேட்டர்கள் முதலில் வால்வைத்தான் சந்தேகப்படுவார்கள்.

சரி, வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. 15 டிகிரியில் நுழையும் ஹைட்ரஜனை 2.5 மடங்கு அழுத்தினால் சுமார் 103 டிகிரிதான் வரும். 40 டிகிரியில் நுழைந்தால் 135-ஐத் தொட்டுவிடும். மே மாதம் 45 டிகிரி வெயிலில், ஃபேன் வைத்த காற்றுக் கூலர் வாயுவை 55 டிகிரி வரைதான் குளிர்விக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 155! குளிர்நாட்டு வானிலைக்கு ஏற்ப டிசைன் செய்த மெஷினை அப்படியே வாங்கி வந்து வைத்தால் கோடையில் அடிக்கடி 'டிரிப்' ஆகி நிற்கும்.

தீர்வு இருக்கு, ஆனால் செலவு. அழுத்தத்தைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் நடுவே குளிர்விக்க வேண்டும். 20 பாரிலிருந்து 450 பாருக்குப் போவது 22.5 மடங்கு. படிக்கு 2.5 மடங்கு என்றால் மூன்று படி போதாது, நான்கு வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சிலிண்டர், ஒரு கூலர், ஒரு செட் வால்வு. தண்ணீரால் குளிர்விக்கலாம் என்றால், வறண்ட மாவட்டங்களில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

டிரிப் அளவைக் கொஞ்சம் ஏற்றி வைத்து 'ஓட்டிப் பார்க்கலாம்' என்ற ஆசை எந்த பிளான்ட்டிலும் வரும். அன்றைக்கு மெஷின் ஓடும். வளையம் மாற்ற வேண்டிய நாள்தான் முன்னாடியே வந்து நிற்கும். அமெரிக்க ஹைட்ரஜன் நிலையங்களில் அடிக்கடி பழுது பார்க்கப்படும் பாகங்களின் பட்டியலில் கம்ப்ரஸர் ஏற்கெனவே முன்வரிசையில் இருக்கிறது. அடுத்த டெண்டர் வரும்போது, விலைக்கு முன்னால் பார்க்க வேண்டிய வரி இதுதான்: எத்தனை டிகிரி வெயிலுக்கு இந்த மெஷின் டிசைன் செய்யப்பட்டிருக்கிறது?